நான்கு கட்டம்

திரையில் ஒவ்வொரு ரயிலுக்கும்
நான்கு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
அதற்குள் அடங்குவதுதான் பெயர்.

2418 என்றால் பத்து கேவ்ஸ் போகிறது.
மலையடியில் நின்று
ஓட்டுநர் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு
நடந்து போனதும் அதுவே 2419.
அதே பெட்டி, அதே குளிர்,
யாரோ பாதி குடித்து விட்டுப்போன பண்டுங் போத்தல்
அதே இருக்கைக்கடியில் உருண்டுகொண்டு.
வடக்கே இரட்டை, தெற்கே ஒற்றை.

பூசத்துக்கு விடிய விடிய ஓடுபவை ஏழில் தொடங்கும்.
புல்லுக்கு மருந்தடிக்கும் வண்டிக்கு எக்ஸ்.
பழுதானதை இழுத்துவரப் போகும் ஒற்றை இன்ஜினுக்கு
விதிப்புத்தகத்தில் நாலு பூஜ்யம்.
எங்கள் வாயில் அது தாய்மாமன்:
கூப்பிட்டால்தான் வரும்,
வந்தால் முன்னால் நிற்கும்.
ரஸ்லான்கூட மாமன் என்றுதான் சொல்கிறான்.

தண்டவாளத்துக்கும் பெயர் உண்டு, துண்டு துண்டாக.
நானூற்றுப் பதினேழு ஏ, பி, டி.
சி எங்கே என்று கேட்டேன், வந்த முதல் வாரம்.
யாருக்கும் தெரியவில்லை.
உடைந்த படியைத் தாண்டிக் கால் வைப்பவர்களைப் போல
இப்போது நானும் ஏ, பி, டி என்கிறேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி.
கணினிக்குள் நுழைய எம் கே ஆர் எஸ்.
உயிரையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டு
மெய் மட்டும் உள்ளே போகிறது.

செவ்வாய் ராத்திரி இரண்டு நாற்பது.
கடைசிக் கொமுட்டரும் படுத்தாயிற்று.
செந்தூலுக்கு வடக்கே
மழையென்றால் மழை.
நானூற்றுப் பதினேழு பி சிவந்தது.

அங்கே வண்டியில்லை. இருக்கவும் முடியாது.
ஜல்லிக்குள் ஏறிய நீர்
இரண்டு இரும்புக்கும் நடுவே
ரகசியமாய்ப் பாலம் போட்டிருக்கும்.
ஆனால் திரைக்குச் சிவப்பு என்றால் ரயில்,
ரயில் என்றால் பெயர்.
கொடு, கொடு என்று
நான்கு கட்டமும் மினுக்கின.

ரஸ்லான் கோப்பியை வைத்துவிட்டு
ஹந்து என்று அடித்தான்.
அவன் மொழியில் பேய். ஐந்து எழுத்து.
கடைசி எழுத்துக்கு இடமில்லாமல்
ஹந்த் என்று நின்றது.
வாலறுந்த பேய். சிரித்தோம்.

சிரித்து முடியவில்லை,
'கன்ட்ரோல், ட்ரோலிய டி-யில ஏத்திட்டோம்.'
ஆரோக்கியநாதன் குரல்.
டி-யைப் பார்த்தேன். வெறும் சாம்பல்.
நாலு ஆள், ஒரு ஜெனரேட்டர்,
நைலான் சக்கரத் தள்ளுவண்டி.
மின்சாரத்துக்குத் தெரியாமல் உருளும் சக்கரம்.
தண்ணீருக்குப் பெயர் கேட்ட திரை
இவர்களைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிக்னல் பொத்தானின் மேல்
சிவப்பு மூடியைக் கவிழ்த்தேன்.
போத்தல் மூடி அளவுதான் இருக்கும்.
நாலேகாலுக்குக் கிளம்பும் காலி வண்டிக்கும்
அவர்களுக்கும் நடுவே
அது ஒன்று.

அவர் தன் தாளிலிருந்து ஓர் எண் சொன்னார்:
அறுபத்துமூன்று.
நான் என் தாளிலிருந்து: பூஜ்யம் எட்டு.
திரும்பச் சொல்லிக்கொண்டோம். விதி.
'பேரும் சொல்லுங்கண்ணே, எல்லாரோடதும்.'
'நம்பர்தான் குடுத்துட்டேனே?'
'இருக்கட்டும்.'

ஷொஹேல் மியா, பீர் முகம்மது.
மூன்றாவது பெயரின் மேல் மழை பெய்தது.
மறுபடி கேட்டேன்.
மறுபடியும் மழை.
பதிவேட்டில் கட்டம் கிடையாது, கோடுதான்.
கோடு முடிந்த பிறகும் எழுதினேன்.
மூன்றாமவருக்கு இடம் விட்டு வைத்தேன்,
அகலமாகவே.

மூன்று ஐம்பதுக்கு
அறுபத்துமூன்று திரும்பி வந்தது.
மூன்றாமவர் அவாங் கெச்சிலாம்.
மூடியை எடுத்தேன்.

விடிவதற்குள் ஜல்லி வடிந்து
பி-யும் சாம்பலாகிவிட்டது.
ஹந்த் மட்டும் போகவில்லை,
தண்டவாளமில்லாமல் திரையின் ஓரத்தில்.
அழிக்க
மேலதிகாரி கையெழுத்து வேண்டுமாம்.